பராமரிக்கும் நிலமும் சும்மா விட்ட நிலமும்: பூச்சி ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு

பயிர் நிலம், புல்தரை போன்ற பராமரிக்கும் இடங்களையும் யாரும் கை வைக்காத இடங்களையும் பூச்சிகளை வைத்து ஒப்பிடுவதுதான் என் முதுநிலை ப்ராஜெக்ட். இதே தலைப்பை எடுப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: 'சும்மா விட்ட நிலத்தில்தான் பூச்சி அதிகம்' என்ற முடிவோடு களத்துக்குப் போகாதீர்கள். என் தரவில் எண்ணிக்கையில் முந்தியது பயிர் நிலம்தான். காரணம் பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. ஒரே பயிர் பரந்து கிடந்தால் அதை உண்ணும் ஓரிரு இனங்கள் மளமளவென்று பெருகிவிடும்.

எண்ணிக்கை வேறு, பன்மை (எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கின்றன என்பது) வேறு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைத்தான் கிண்டிக் கிண்டிக் கேட்பார்கள். இரண்டு இடத்திலும் 100 பூச்சி, 10 இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ஒரே இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. இயல் மடக்கையில், பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு சுமார் 0.50. இன்னோரிடத்தில் ஒவ்வோர் இனத்திலும் பத்துப் பத்து, குறியீடு 2.30. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அப்புறம் மென்பொருளைத் தொடலாம்.

அடுத்தது பொறி. குழிப்பொறி என்பது மண்ணில் புதைத்து வைக்கும் கிண்ணம்; அதன் விளிம்பு மண் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அரை விரல் துருத்திக்கொண்டிருந்தாலும் எறும்பும் தரைவண்டும் சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே ஊற்றும் தண்ணீரில் சில சொட்டு சோப்புத் திரவம் விட்டால்தான் பூச்சி மிதக்காமல் மூழ்கும். இதையெல்லாம் விட முக்கியமான விஷயம், குழிப்பொறி பிடிப்பது நடமாட்டத்தை. வெட்டிய புல்தரையில் வண்டு தடையில்லாமல் ஓடும். அடர்ந்த புல்லில் தட்டுத் தடுமாறித்தான் நகரும். அதனால் உண்மையில் சம அளவில் இருந்தாலும் புல்தரையில் அதிகம் சிக்கலாம். செடிகள்மேல் வீசிப் பூச்சி பிடிக்கும் வீச்சு வலையோ குட்டைப் புல்லில் சரியாக வேலை செய்யாது. இரண்டையும் பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். இந்த வரம்பை நீங்களே ஆய்வேட்டில் எழுதிவிடுவது நல்லது.

பொறிகளின் எண்ணிக்கை, நேரம், வானிலை, நில ஓரத்திலிருந்து தூரம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே வயலில் பத்துப் பொறி வைத்தால் அது பத்து மறுபடியாக்கம் (ஒன்றையொன்று சாராத தனித்தனி மாதிரி) ஆகாது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான், கட்டாயம் படியுங்கள். வயல்கள்தான் பத்து வேண்டும், முடியாவிட்டால் கிடைத்தவரை.

பூச்சிகளை 70% எத்தனாலில் போடுங்கள், வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் தவிர; செதில் கெட்டுவிடும். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். இனம் வரை அடையாளம் காண முடியாவிட்டால் குடும்பம் வரை போய், உருவத்தால் பிரித்து எண் கொடுத்தால் போதும். பொறியில் விழும் சிலந்தியைப் பூச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, ஒரே ஒரு முறை கிடைத்த இனங்கள். பட்டியலில் இவை நிறைய இருந்தால் இன்னும் சேகரிக்க வேண்டும் என்று அர்த்தம். 'தற்செயலாக வந்தவை' என்று அவற்றை நீக்கிவிடாதீர்கள். கண்ணில் படாத இனங்கள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிடும் சாவோ-1 கணக்கு, ஒன்றும் இரண்டுமாகக் கிடைத்தவற்றை வைத்துத்தான் நடக்கிறது.