வகுப்பறையில் நாடகம்: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 8

பத்தாம் வகுப்பு அறிவியல், இரத்த ஓட்டம். வேஷமும் வேண்டாம், வசனமும் வேண்டாம். "நான்தான் இதயம், ஓயாமல் துடிப்பேன்" என்று ஒரு பிள்ளை ஒப்பித்தால் அது பாடப்புத்தகத்தை உரக்கப் படித்ததோடு சரி. யார், எப்போது, எந்தப் பக்கம் நகரலாம் என்கிற விதிக்குள் பாடம் இருக்க வேண்டும்.

ஒரு பையனை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்மாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவனுடைய வலது நம் இடப்பக்கம் வரும். இதைத் தவிர்த்தால் கடைசிவரை வலது, இடது குழப்பம் தீராது. பிறகு சாக்பீஸால் தரையில் இதயத்தின் நான்கு அறைகள், ஐந்தடிக்கு ஐந்தடி. 40 பேர் என்றால்: நான்கு வால்வுக்கும் இருவர் வீதம் 8, நுரையீரல் 4, உடல் 6, கைதட்ட 2, மற்ற 20 பேரும் இரத்தம்.

முதல் தட்டு "லப்": வெண்ட்ரிக்கிள்கள், அதாவது கீழறைகள், சுருங்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வுகள் கைகோத்து அடைக்கும். தமனி வாசல்கள் திறக்கும். கீழறையில் இருப்பவர்கள் வெளியேறுவார்கள். இரண்டாம் தட்டு "டப்": தமனி வாசல்கள் அடைபடும், மேலறையில் இருப்பவர்கள் கீழே இறங்குவார்கள்.

வலப்பக்கம் முழுவதும் முடிந்த பிறகே இடப்பக்கம் நகரும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், புத்தகம் அதை ஒரே வரிசையாக எழுதியிருப்பதால். ஒரே தட்டுக்கு இரு பக்கமும் நகர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஜூலை 10

இரத்தமாக நடப்பவர்கள் கையில் பிடிக்க அட்டைகள். புத்தகப் படத்தில் உள்ளபடி நீல அட்டை கொடுத்தால், உடம்பில் நீல இரத்தம் ஓடுவதாகவே பதிந்துவிடும். பளீர் சிவப்பும் அடர்சிவப்பும் போதும். நுரையீரலில் அடர்சிவப்பைக் கொடுத்துப் பளீர் சிவப்பை வாங்க வேண்டும்; உடலில் நேர்மாறு.

நுரையீரல் தமனியில் ஆள் இருக்கும்போது "நில்!" சொல்லி, கையில் என்ன அட்டை என்று கேளுங்கள். தமனி என்றாலே சுத்த இரத்தம் என்ற மனப்பாடம் அங்கே உடையும். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை, பேச விடுங்கள்.

அடுத்து, ஈரிதழ் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) ஜோடியை மட்டும் கை கோக்காமல் நிற்கச் சொல்லுங்கள். இடது கீழறையில் இருப்பவர்களில் சிலர் மேலறைக்குத் திரும்புவார்கள், நெரிசல் நுரையீரல்வரை போகும். வால்வு கசிந்தால் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஜூலை 11

ஏழாம் வகுப்புக் கணக்கு, முழுக்கள். தரையில் எண்கோடு. குறை (மைனஸ்) எண்ணால் பெருக்கினால் இடப்பக்கம் திரும்பி நில். பெருக்கப்படும் எண் குறை என்றால் பின்னோக்கி நட. இரண்டும் குறை என்றால் கால் தானாக வலப்பக்கம் போய்ச் சேரும்.

ஜூலை 15

வரலாறு, வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், 1930. ராஜாஜி வேடம் யாருக்கும் கிடையாது. கொடுத்தால் அவர் பேசாததையெல்லாம் பிள்ளைகள் பேசிவிடுவார்கள், அதுவே வரலாறாக மனதில் தங்கிவிடும். வழியோரக் கிராமத்தார் போதும்: கர்ணம் (கிராமக் கணக்கர்), கடைக்காரர், குழந்தை வைத்திருக்கும் தாய், கூலிக்காரர். ஒவ்வொருவருக்கும் மூன்று வரித் துண்டுச்சீட்டு: ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து தொண்டர்கள் கிளம்பிவிட்டார்கள், அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருக்கிறார், உனக்குப் போகக்கூடியது என்ன (வேலை, கடை, பிள்ளையின் சாப்பாடு).

மற்றவர்கள் எதிரெதிராக இரண்டு வரிசை. ஒரு வரிசை "கொடு" என்பதற்குக் காரணம் சொல்லும், மறு வரிசை "கொடுக்காதே" என்பதற்கு. கிராமத்தார் நடுவில் மெதுவாக நடந்து வந்து, கடைசியில் முடிவைச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் வீரமாகப் பேசினால், கதையின் முடிவு முன்பே தெரிந்திருக்கிறது என்று பொருள். அதனால் கிராமத்தார் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டி வைத்த செய்தியை நடிப்பு முடிந்த பிறகே சொல்லுங்கள். கொடுக்கவும் வேண்டும், பிடிபடவும் கூடாது என்று தவித்தவர்களுக்குத்தான் அந்த யோசனையின் அருமை புரியும்.

ஜூலை 16

45 நிமிட வகுப்பில் நடிப்புக்கு 20 நிமிடம்தான். கடைசிப் பத்து நிமிடம் நோட்டுக்கு: இரத்தமாக நடந்தவர்கள் தாம் போன வழியை வரைய வேண்டும், நடிப்பில் உண்மைக்கு மாறாக இருந்தது எது என்றும் ஒரு வரி. "இடது கீழறைச் சுவர்தான் தடிமன், நாம் எல்லா அறையையும் ஒரே மாதிரி வரைந்தோம்" என்று எழுதும் பிள்ளைக்குப் பாடம் ஏறிவிட்டது.