குப்புவுக்குக் கீரை

ஜூன் 3, 2024, திங்கள்

குப்புவின் எடை 118 கிராம். அவன் காக்டெயில், அதாவது தலையில் கொண்டை உள்ள ஒரு சின்னக் கிளி வகை. அது பொதுவாக 80லிருந்து 100 கிராம் இருக்கும், பெருத்த உடம்புக்காரன் என்றால் 110 வரை போகலாம். டாக்டர் நெஞ்செலும்பை விரலால் தடவிப் பார்த்து, "எலும்பே கைக்குச் சிக்கலையே, அவ்வளவு கொழுப்பு" என்றார். அப்புறம் வாயைத் திறந்து டார்ச் அடித்து மேலண்ணத்தைக் காட்டினார். அங்கே வரிசையாக நிற்க வேண்டிய பொடிப்பொடி முட்கள் மழுங்கிப்போய் இருக்கின்றன. வைட்டமின் ஏ குறைந்தால் இப்படி ஆகுமாம். ஓயாத தும்மலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்.

கடையில் கிடைக்கும் மிக்ஸைத்தான் இத்தனை நாளும் சாப்பிட்டான். தினை, கம்பு, குசும்பா, சூரியகாந்தி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவன் முதலில் சூரியகாந்தியைப் பொறுக்குவான், அடுத்து குசும்பா, வேறு வழியில்லை என்றால் தினை. சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான், வைட்டமின் ஏ இல்லவே இல்லை என்று சொல்லலாம், கால்சியமும் குறைவு. பாக்கெட்டில் பத்துச் சத்து அச்சடித்திருந்தாலும், அவன் பொறுக்கித் தின்பதுதானே அவன் சாப்பாடு!

இனி பெல்லட் (சத்தெல்லாம் சேர்த்து அரைத்து அழுத்திய பறவைத் தீனித் துண்டுகள்), காய், கீரை. டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தினமும் காலையில் தீனிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 106க்குக் கீழே போனால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழைய தீனியைக் கொடுத்து அவருக்கு போன் செய்ய வேண்டும்.

ஜூன் 5, புதன்

சமையலறைத் தராசின் மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, அதன் எடையைக் கழித்து வைத்துக்கொண்டேன். ஏறி நின்றால் ஒரு சூரியகாந்தி விதை. லஞ்சம்தான், ஆனால் வேலை செய்கிறது.

பெல்லட்டில் கலர் போட்டது வேண்டாம் என்று சாதாரணப் பழுப்பு நிறத்தில் வாங்கினேன். கலர் பெல்லட் தின்றால் எச்சத்தின் நிறமும் மாறிவிடும், பறவைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிற முதல் சாட்சியே எச்சம்தான். குப்பு கிண்ணத்தைப் பார்த்துக் கொண்டையைத் தூக்கினான், ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டான், கிண்ணம் காலியானதும் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"பசிச்சா தானா சாப்பிடும், விடும்மா" என்றார் அத்தை. பறவை வளர்க்கிற எல்லோரும் சொல்வது இதுதான். எனக்குத் தெரிந்து இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. இது அடம் இல்லை. பெல்லட் என்பது சாப்பாடு என்றே அவனுக்குத் தெரியாது. நம் முன்னால் ஒரு தட்டு நிறையக் கூழாங்கல்லை வைத்து, பசித்தால் சாப்பிடு என்று சொன்னால் நாம் மட்டும் என்ன செய்வோம்? கிண்ணம் நிறைந்திருக்க, பட்டினி கிடந்தே செத்துப்போகும் பறவைகள் உண்டு. அதிலும் கொழுத்த பறவையைத் திடீரென்று பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

ஜூன் 9, ஞாயிறு

113. சூரியகாந்தி தராசுக்கு மட்டும்தான். காலையும் மாலையும் அரை மணி நேரம் தினை, மற்ற நேரமெல்லாம் கிண்ணத்தில் பெல்லட்டும் பொடியாக நறுக்கிய கேரட்டும். நேரம் முடிந்து தினையை எடுக்கப் போனால் கூண்டே அதிர்கிறது. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிய வள்ளிக்காவது கையில் கவண் இருந்தது. என்னிடம் ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது.

பெல்லட்டைக் கடித்துப் பொடியாக்குகிறான். அதை நம்பிச் சாப்பிட்டுவிட்டான் என்று சொல்ல முடியாது. தினையிலும் இதே ஏமாற்று உண்டு: உமி மேலே மிதக்கும், கிண்ணம் நிறைந்தது மாதிரி தெரியும், ஊதினால் அடியில் ஒன்றும் இருக்காது. அதனால் தட்டில் பேப்பர் விரித்து எச்சத்தைப் பார்க்கிறேன். திடமான பகுதி, வெள்ளைப் பகுதி, நீர் மூன்றும் இருக்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

108. எச்சம் கொஞ்சமாக, கரும்பச்சையாக, திடப் பகுதியே இல்லாத மாதிரி இருக்கிறது. வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை என்று அர்த்தம். 106 வரட்டும் என்று காத்திருக்க மனசு வரவில்லை. மதியமும் ஒரு வேளை தினை சேர்த்துவிட்டேன். டாக்டரும் போனில் அதுதான் சரி, அவசரம் வேண்டாம் என்றார். அத்தைக்கு வெற்றிப் புன்னகை.

ஜூன் 22, சனி

இன்று நடந்ததை விவரமாக எழுதியாக வேண்டும். 

மதியம் அத்தை கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குப்பு வழக்கம்போல அவர் தோளில். டிவியில் சீரியல். அத்தை ஒரு இணுக்கை உருவுவார், காம்பைப் போடுவார், பழக்க தோஷத்தில் இரண்டு இலையை வாயில் போட்டுக்கொள்வார். இவன் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கை வழியாக இறங்கி முறத்துக்குள் போனான். கீரைமேல் நடந்தான். ஒரு காம்பை இழுத்தான், விட்டான், இன்னொன்றை இழுத்தான். அப்புறம் ஒரு இலையை அலகில் வைத்து, காம்புப் பக்கத்திலிருந்து கொறிக்க ஆரம்பித்தான்.

நான் அசையவே இல்லை. அத்தை மட்டும், "என்னடா ராசா, உனக்கும் பொரியல் வேணுமா" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். அந்தச் சாதாரணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நான் கேரட்டை நீட்டும்போதெல்லாம் என் முகத்திலேயே ஏதோ திட்டம் தெரிந்திருக்கும்.

யோசித்தால் பொருத்தமாகவும் இருக்கிறது. காக்டெயில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பறவை. கூட்டமாக இறங்கி, தரையில் நடந்து நடந்து புல் விதை பொறுக்கும். பக்கத்தில் இருப்பவர் தின்பதைப் பார்த்தால், அது தின்னக்கூடியது என்று தெரிந்துகொள்ளும். அவனுக்கு முறம் தரை, அத்தை கூட்டம். குச்சியில் உட்கார்ந்தபடி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பதெல்லாம் நாம் பழக்கியது.

ஜூலை 7, ஞாயிறு

110. இப்போது தீனி எல்லாம் அகலத் தட்டில்தான். முளைகட்டிய பச்சைப்பயறு பிடித்துப்போய்விட்டது. ஈரமான பயறின்மேல் பெல்லட்டைப் பொடித்துத் தூவினால் ஒட்டிக்கொள்கிறது, அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பாக்கி, பிறகு பாதித் துண்டு, பிறகு முழுசு. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் இதே வித்தை. சென்னை வெயிலுக்கு ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன். மிச்சம் இருக்கிறதே என்று பார்த்தால் புளித்து வயிற்றுக்கு வினையாகும்.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலக்கலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். தண்ணீர் சீக்கிரம் கெடும், சுவை மாறினால் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலிலிருந்து கூழ் வந்தது. இப்போது அத்தை எதைத் தின்றாலும் அவனுக்குப் பங்கு வேண்டும், அதுதான் புதுத் தலைவலி. கேழ்வரகு நல்லதுதானே என்று அத்தை கேட்டார். கேழ்வரகு நல்லதுதான், அதில் இருக்கும் உப்பும் சின்ன வெங்காயமும் அவனுக்கு ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்த கேழ்வரகு மாவில் ஒரு உருண்டை தனியாக வைத்தோம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆடிக் காற்றில் தினை உமி சோபாவுக்கு அடியெல்லாம் பறக்கிறது, பெருக்கி மாளவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

104. மெதுவாக இறங்கியதால் பயமில்லை என்றார் டாக்டர். நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. தும்மல் குறைந்திருக்கிறது, அண்ணத்து முட்களைப் பார்க்க இன்னும் சில மாதம் ஆகும். பாதிக்கு மேல் பெல்லட், மீதி காய், கீரை, கொஞ்சம் தினை. தினையை ஒரேயடியாக நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை, அவரும் அவசியமில்லை என்றார்.

பரங்கிக்காய், முருங்கைக் கீரை, கொத்தமல்லி ஆகிறது. குடைமிளகாயை மட்டும் இன்னமும் தட்டுக்கு வெளியே வீசுகிறான். வீசட்டும். பரங்கி தின்கிறவனிடம் குடைமிளகாய்க்காக மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.