கிரிட் கம்ப்யூட்டிங்குக்குப் பணம் கேட்டுப் போன கதை

அரசு நிதியில் ஓடும் அறிவியல் கிரிட் மையம் ஒன்றில் எனக்கு வேலை. கிரிட் என்றால், பல ஊர், பல நாட்டுக் கணினிகளை வலையில் இணைத்து ஒரே பெரிய கணினி போல வேலை வாங்குவது. பழைய சர்வர்களை மாற்றவும் ஸ்டோரேஜைக் கூட்டவும் டெல்லிக்குக் கோப்பு போக வேண்டும். குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விஞ்ஞானிகள் தந்த வரைவு ஹிக்ஸ் துகளில் தொடங்கியது. அந்த அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்ததாக 2012 ஜூலை 4 அன்று அறிவிப்பு வந்தபோது, ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் ஆய்வகத்தின் தலைவராக இருந்த ரால்ஃப் ஹோயர், துகள்களை மோதவிடும் முடுக்கி, பரிசோதனைகள் இரண்டோடு கிரிட்டையும் சேர்த்தே பாராட்டினார். எங்களுக்கு அது பெருமை. கோப்பு படிக்கிறவருக்கோ அது முடிந்துபோன வேலை. கண்டுபிடித்தாயிற்றே, இன்னும் எதற்குப் பணம் என்பார். அந்தப் பத்தியைக் கடைசிக்குத் தள்ளினேன்.

கூட்டத்தில் முதலில் வந்தது, "ஒரே ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கினால் போதாதா?" நாங்கள் கணக்குப் போடுவது செர்ன் முடுக்கியில் நடக்கும் துகள் மோதல்களை; மோதல் ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றின் கணக்குக்கு இன்னொன்றின் விடை தேவையில்லை. அதனால் வேலையைத் துண்டு போட்டு எந்த ஊர்க் கணினிக்கும் அனுப்பலாம், சூப்பர் கம்ப்யூட்டருக்குள் இருப்பது போன்ற விலை உயர்ந்த இணைப்புகள் வேண்டாம் என்றேன். தலையாட்டினார்கள். கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் என்ன என்று அடுத்த கேள்வி. வருடம் முழுக்க இரவு பகலாக ஓடும் வேலைக்கு வாடகை கட்டுப்படியாகாது, பெட்டாபைட் (ஒன்று என்றால் பத்து லட்சம் ஜி.பி.) கணக்கில் தரவை வெளியே எடுக்கவும் தனிக் கட்டணம் என்றதும் நிதிப் பிரிவுக்காரர் தானே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

"ஜெனீவாக்காரர்களின் ஆராய்ச்சிக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்பதுதான் கடினமான கேள்வி. செர்னில் உள்ள கணினிகள் மொத்தத் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மீதியைச் சுமப்பவை 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் சுமார் 170 மையங்கள். இந்தியாவில், செர்னின் ஆலிஸ் பரிசோதனைக்குக் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும், அங்கே நடக்கும் இன்னொரு பரிசோதனையான சி.எம்.எஸ்ஸுக்கு மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் இத்தனை பிராசஸர் கோர், இவ்வளவு ஸ்டோரேஜ் என்று ஆண்டுதோறும் வாக்குக் கொடுக்கிறது. கொடுத்ததா என்பது பொதுவில் கணக்காக வெளியாகிறது. இதைச் சொல்லி முடித்ததும், மேசையின் மறுமுனையில் இருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர், "மொய் நோட்டு மாதிரியா?" என்று தமிழிலேயே கேட்டார். அதேதான் என்றேன். நம் பெயருக்கு நேரே சைபர் இருந்தால் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவரே இந்தியில் விளக்கினார், என்னைவிட நன்றாகவே.

பொதுமக்களுக்கு என்ன பயன் என்றும் கேட்பார்கள். அதற்கு 2006 ஏப்ரலில் நடந்ததை வைத்திருந்தேன்: பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு எதிராக 3,00,000 மூலக்கூறுகளை ஆசிய, ஐரோப்பிய ஆய்வகங்கள் கிரிட்டில் சோதித்தன. சுமார் 2,000 கணினிகள், நான்கு வாரம். ஒற்றைக் கணினிக்கு நூறாண்டு வேலை. "மருந்து கண்டுபிடித்தது என்று போட்டுவிடுங்கள்" என்று எங்கள் பக்கத்திலேயே ஒருவர் சொன்னார். பயன்படக்கூடிய மூலக்கூறுகளைச் சலித்தெடுப்பது வேறு, மருந்து வேறு, போடவில்லை.

நான் எதிர்பார்க்காத அளவுக்கு எடுபட்டது ஒரு சாதாரண வரி. நாட்டின் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்க அரசு 2010-இல் ஒப்புதல் தந்த தேசிய அறிவு வலைப்பின்னல் வழியாகத்தான் எங்கள் தரவு போய்வருகிறது என்று எழுதியிருந்தேன். ஏற்கெனவே பணம் போட்ட ஒன்று உபயோகத்தில் இருக்கிறது என்றால் அதிகாரிகளுக்கு அத்தனை ஆறுதல்!

சர்வருக்கு அனுமதி வந்தது, ஸ்டோரேஜைக் குறைத்துவிட்டார்கள். கோப்பு அனுப்பப் போகிறவர்களுக்கு ஒன்று: மின்கட்டணத்தையும் ஏசியையும் தொடர் செலவு என்று தனித் தலைப்பில் முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். இயந்திரம் வாங்கப் பணம் தருகிறவர்கள் அதை ஓட்டவும் பணம் வேண்டும் என்பதைப் பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.