ஆன்போர்டு ஆப்டிகல் அவுட்டில் கேமுக்கு 5.1 வரவைத்த அனுபவம்

என் ஏவி ரிசீவர் (ஒலியை வாங்கிப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) பழையது, எச்டிஎம்ஐ கிடையாது. ஆனால் அதோடு இருக்கும் ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இன்னும் அருமையாக இருக்கின்றன, மாற்ற மனமில்லை. புதிதாக அசெம்பிள் செய்த கேமிங் பிசியின் மதர்போர்டில் ஆப்டிகல் அவுட் (டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) இருந்ததால், ஒரு ஆப்டிகல் கேபிளை வாங்கி இரண்டையும் இணைத்தேன். விண்டோஸில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்ததும் சத்தம் வந்தது, ஆனால் முன்பக்க ஸ்பீக்கர் இரண்டில் மட்டும். ரிசீவரின் திரையில் ‘பிசிஎம்’, அதாவது சுருக்காத ஒலி, என்று இருந்தது. கேமுக்குள் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஆக ஆறு சேனல்) என்று வைத்துப் பார்த்தும் பின்பக்கம் மௌனம்தான்.

கேபிளிலோ ரிசீவரிலோ கோளாறா என்று தெரிய வேண்டும். ஒரு டிவிடி படத்தை விஎல்சி பிளேயரில் போட்டு, எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூவை (படத்தில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) ஆன் செய்தேன். ரிசீவர் உடனே ‘டால்பி டிஜிட்டல்’ என்று காட்டியது, எல்லா ஸ்பீக்கரிலும் ஒலி வந்தது. சரி, படத்துக்கு வருவது கேமுக்கு ஏன் வரவில்லை?

விஷயம் இதுதான். ஆப்டிகல் வழியாகச் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 1.5 மெகாபிட் போதும். அதே தரத்தில் 5.1 என்றால் 4.6 மெகாபிட் வேண்டும். டிவிடியில் ஆறு சேனலும் டால்பி டிஜிட்டலாக முன்கூட்டியே சுருக்கப்பட்டிருக்கும். டிவிடியில் அது நொடிக்கு அதிகபட்சம் 448 கிலோபிட் என்பதால் அப்படியே வயரில் போய்விடும், பிரிக்கும் வேலை ரிசீவருடையது. கேமில் அப்படி முடியாது. நீங்கள் திரும்பும் திசையைப் பொறுத்து ஒலி அந்தக் கணத்தில்தான் உருவாகிறது. அதை உடனுக்குடன் சுருக்கி அனுப்ப பிசியிலேயே ஒரு என்கோடர் (சுருக்கும் மென்பொருள்) வேண்டும். டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்பவை அதற்காகவே உள்ளவை (டிடிஎஸ் என்பது டால்பி போல இன்னொரு சுருக்கும் முறை). 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸே இந்த வேலையைச் செய்தது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

விண்டோஸின் சவுண்ட் பேனலில் ‘சப்போர்ட்டட் ஃபார்மேட்ஸ்’ பகுதியில் டால்பியும் டிடிஎஸ்ஸும் இருக்கும், டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒலியும் வரும். அதை நம்பி என்கோடர் இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. ரிசீவரால் அந்த ஃபார்மேட்டைப் பிரிக்க முடியும் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

என்கோடர் கிடைப்பது மதர்போர்டு கம்பெனி அதற்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒரே ரியல்டெக் ஆடியோ சிப் உள்ள இரண்டு போர்டில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. என் போர்டின் விவரப் பக்கத்தில் ‘டிடிஎஸ் கனெக்ட்’ என்று போட்டிருந்தது. விண்டோஸ் தானாகப் போட்ட பொது டிரைவரில் அது இல்லை. போர்டின் டவுன்லோடு பக்கத்திலிருந்து ஆடியோ டிரைவரை இறக்கி, நிறுவி, ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் டிஜிட்டல் அவுட்புட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ டேப், அதில் ‘டிஃபால்ட் ஃபார்மேட்’ பட்டியல். 16 பிட், 24 பிட் வரிசைகளுக்குக் கீழே ‘டிடிஎஸ் இன்டராக்டிவ் 5.1 சரவுண்ட்’ என்று ஒரு வரி புதிதாக வந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த நொடியில் ரிசீவரின் திரை ‘டிடிஎஸ்’ என்று மாறியது.

கேமை மூடித் திறந்தேன். மழையில் ஒரு பாலத்துக்கு அடியில் நின்றபோது, சொட்டும் தண்ணீர் இடது பின்பக்கத்திலிருந்து கேட்டது. எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று மேப் பார்க்காமலே தெரிந்தது. இதற்காகத்தான் இவ்வளவும்!

சுருக்கி அனுப்புவதில் கொஞ்சம் தாமதம் உண்டு. ஒலியை ஃபிரேம் என்ற சிறு துண்டுகளாகச் சேர்த்துத்தான் சுருக்க முடியும். டால்பியில் ஒரு ஃபிரேமுக்கு மட்டும் 1536 சாம்பிள், அதாவது 32 மில்லிசெகண்ட் ஒலி, சேர வேண்டும். டிடிஎஸ் ஃபிரேம் இதைவிடச் சிறியது. நான் ஆடும் கேம்களில் எனக்கு உறுத்தவில்லை. தாளத்துக்கு ஏற்ப பட்டன் அழுத்தும் கேம் ஆடுபவர்களுக்கு உறுத்தலாம்.

உங்கள் போர்டில் லைசென்ஸ் இல்லையென்றால், ரிசீவரின் பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள் கொண்ட 5.1 அனலாக் இன்புட் இருக்கிறதா பாருங்கள். பிசியின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஜாக்குகளிலிருந்து மூன்று கேபிள் போட்டால் என்கோடரே தேவையில்லை. எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் என்றால் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து நேராகக் கொடுத்துவிடுங்கள். எட்டு சேனல் வரை சுருக்காமலே போகும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பெரிய அப்டேட் வந்து டிரைவர் மாறினால் அந்த டிடிஎஸ் வரியும் பட்டியலிலிருந்து போய்விடலாம். இறக்கிய டிரைவர் ஃபைலை நான் ஒரு பென்டிரைவில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.