வெட்டிய புல்லட்டை மறுபடி ஸ்டாண்டர்டாக்குவது: கடலூரில் செய்த வேலை

பின்பக்கத்தை வெட்டி, ஒற்றை சீட் போட்டு, குட்டை டயர் மாட்டிய பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு எஞ்சின்) ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. இதைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும்போது எல்லோரும் முதலில் டேங்க்கையும் சைலன்சரையும் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம். மற்ற எதையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஃபிரேம் நம்பரை வாங்க முடியாது.

ஃபிரேம் நம்பர் ஸ்டியரிங் ஹெட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்புகிற முன்கழுத்தில் இருக்கும். எஞ்சின் நம்பர் இடப்பக்கம், பேரலுக்கு (சிலிண்டருக்கு) கீழே. பெயின்ட்டைச் சுரண்டி இரண்டையும் ஆர்.சி.யோடு (பதிவுச் சான்றிதழோடு) ஒத்துப் பாருங்கள். வேறு ஃபிரேமை முழுசாக வாங்கி மாட்டினால் எஃப்.சி.க்கு (தகுதிச் சோதனைக்கு) போகிற அன்று மாட்டிக்கொள்வீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்டாண்டர்டுக்குத் திரும்புவது அந்த வகையிலும் நல்லது.

ஆகவே சென்னை புதுப்பேட்டையில் உடைத்த ஃபிரேமிலிருந்து பின்வளைவு மட்டும் வாங்கினோம். வெட்டின இடத்தில் பைப்பை முனைக்கு முனை வைத்து வெல்டு அடித்தால் குழியில் விழுந்த அன்றே விரிசல் விடும். பைப்புக்குள் இறுக்கமாக நுழைகிற ஸ்லீவ் (உள்குழாய்) கடைந்து, இரண்டு பக்கமும் 2 இஞ்ச் உள்ளே போகிற மாதிரி வைக்க வேண்டும். துறைமுகப் பக்கம் போட் எஞ்சின் வேலை செய்கிற லேத் பட்டறைகளில் இதைச் சுத்தமாகச் செய்வார்கள். முழு வெல்டுக்கு முன் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, மட்கார்டு, ஷாக், இரண்டு சக்கரம் எல்லாம் மாட்டி, இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் நூல் பிடித்துப் பாருங்கள். சூட்டில் பைப் இழுக்கும். எங்களுக்கு முதல் தடவை ஒரு பக்கம் இழுத்துவிட்டது, அறுத்துத் திரும்ப வைத்தோம்.

ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் அம்மீட்டரும் உட்காரும் ஹெட்லைட் கேசிங் அலுமினியம். ஃபோர்க் பைப்புகள் (முன்சக்கரத்தைத் தாங்குபவை) அதற்குள் மரையில் (திருகுப் புரியில்) ஏறும். பைப் சாய்ந்திருக்கும்போது ஸ்பேனரால் திருகினால் மரை போய்விடும். கையால் முக்கால்வாசி ஏறினால்தான் ஸ்பேனர். சக்கரம் இரண்டும் 19 இஞ்ச், டயர் 3.25.

குரோம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கடற்காற்றில் துருவைத் தடுப்பது அடியில் இருக்கிற நிக்கல், மேலே மின்னுகிற குரோம் இல்லை. மலிவு ரிம்மில் நிக்கல் மெல்லிசு, மழைக்காலம் முடிவதற்குள் பொட்டுப் பொட்டாகத் துரு வெடிக்கும். லேசாகத் துருப்பிடித்த பழைய ரிம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடைசியாக எஞ்சின். 346 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ. பல வருட மாடல்களின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது பெரிய வசதி. டைமிங் கவரைத் திறந்தால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) முனையில் ஆயில் பம்பை ஓட்டுகிற வோர்ம் நட் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும். தெரியாமல் வலது மரை என்று நினைத்துக் கழற்றப்போய் உடைத்தவர்கள் நிறைய.

பிளக்குக்குப் பொறி தரும் கான்டாக்ட் பாயிண்டின் இடைவெளி (பாயிண்ட் கேப்) 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்குக்கு (பொறி விழும் நேரத்துக்கு) பிளக் துவாரத்தில் குச்சி விட்டு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் டி.டி.சி. (பிஸ்டனின் உச்சி நிலை) பிடித்து, குச்சி 0.8 மி.மீ. இறங்கும்வரை எஞ்சினைப் பின்னால் சுற்றுங்கள். வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்கூட்டுகிற அட்வான்ஸ் யூனிட் முழுக்க ரிட்டார்டில் (பின்தள்ளிய நிலையில்) இருக்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாள் வைத்து மெல்ல இழுங்கள், இறுக்கமாக இருந்த தாள் நழுவுகிற அந்தக் கணம்தான் பாயிண்ட் திறக்கிறது, அது இந்த 0.8 மி.மீ. இடத்தில் நடக்க வேண்டும். டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) எஞ்சின் ஆறியபோது பாருங்கள்: வால்வைத் திறக்கிற கம்பியான புஷ் ராடு இரண்டு விரலில் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ரொம்ப நாள் நின்ற வண்டியில் ஆயில் டேங்க்கிலிருந்து கிராங்க் கேசுக்குள் (கிராங்க் சுழலும் அறைக்குள்) இறங்கியிருக்கும். அதை வடிக்காமல் உதைத்தால் பிரீதரில் (காற்றுப் போக்கி குழாயில்) ஆயிலும் சைலன்சரில் வெள்ளைப் புகையும் கொட்டும், ரிங் போச்சென்று பயந்து எஞ்சினைப் பிரிப்பார்கள். முதலில் வடித்து 20டபிள்யூ-50 ஆயில் புதிதாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஹெட்டுக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.