கழிப்பறைக் கதவுக்குப் பின்னால்: பாராகாங்கிலியோமா நாட்குறிப்பு

பிப்ரவரி 18

புதிய மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எப்போது வருகிறது?" சிறுநீர் கழித்த ஒரு நிமிடத்துக்குள் என்றேன். தலை பிளக்கும் வலி, படபடப்பு, சட்டை நனையும் வியர்வை. நான்கு ஆண்டுகளாக மனப்பதற்றம் என்று மாத்திரை விழுங்கியவன் நான். பதற்றம் கழிப்பறையில் மட்டும் ஏன் வர வேண்டும் என்று அதுவரை எவரும் கேட்கவில்லை. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளை அளக்கும் பரிசோதனைக்கு அரை மணி நேரம் படுக்க வைத்த பிறகே இரத்தம் எடுத்தார்கள். எழுந்து நின்றாலே அளவு கூடிவிடுமாம்.

மார்ச் 3

அளவு பல மடங்கு அதிகம். ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவரில் கட்டி. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குள் இத்தகைய கட்டி வந்தால் ஃபியோகுரோமோசைட்டோமா. அதே இனச் செல்கள் சுரப்பிக்கு வெளியே கட்டியானால் பாராகாங்கிலியோமா. பை சுருங்கும்போது கட்டி நசுங்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஹார்மோனை இரத்தத்தில் கொட்டுகிறது. மருத்துவர் படம் வரைந்து காட்டியபோது அழுதுவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை.

மார்ச் 10

உடனே அறுக்க முடியாது. முதலில் ஆல்ஃபா தடுப்பு மருந்து. இரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர வேண்டும். படபடப்புக்கான பீட்டா தடுப்பு மருந்து அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் இரத்த அழுத்தம் ஆபத்தாக எகிறும். முன்பு ஒரு மருத்துவர் எனக்கு பீட்டா மருந்தைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார். அந்த இரவை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. இப்போது ஆல்ஃபா மருந்தால் மூக்கடைப்பு, எழுந்தால் தலைச்சுற்றல். உப்பும் நீரும் தாராளமாக எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 26

அறுவை முடிந்தது. கட்டியை எடுத்ததும் அழுத்தம் சரிந்ததாம். அதற்குத் தயாராகவே இருந்தார்கள்.

ஏப்ரல் 6

அறுவைக்குப் பின் சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். கழிப்பறையில் சுவரைப் பிடித்தபடி நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. வெளியே மனைவி கதவைத் தட்டினாள். "ஒன்றுமில்லை" என்றேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை.

ஏப்ரல் 22

எஸ்.டி.எச்.பி. மரபணுவில் பிறழ்வு. இந்த வகை வேறு இடங்களுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆயுள் முழுவதும் கண்காணிப்பு தேவை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவள், "அண்ணா, எனக்கும் அடிக்கடி தலைவலி வரும்" என்றாள். திங்கட்கிழமை அவளுக்குப் பரிசோதனை. நானும் உடன் போகிறேன்.