வீடு மாறினால் வார்சிட்டி ஆடலாமா? டெக்சாஸில் எங்கள் அனுபவம்

டெக்சாஸில் ஹைஸ்கூல் படிக்கும் உங்கள் பிள்ளை பள்ளி அணிக்கு ஆடுகிறது, நீங்களும் வீடு மாறும் யோசனையில் இருக்கிறீர்கள் என்றால், லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் கணவரின் அலுவலகம் இடம் மாறியதால், டாலஸுக்கு வடக்கே இருந்த எங்கள் ஊரை விட்டு ஃபோர்ட் வொர்த் பக்கம் வந்தோம். மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். புதுப் பள்ளியின் டென்னிஸ் வார்சிட்டியில், அதாவது முதன்மை அணியில், அவள் ஆடலாமா என்பதைத் தீர்மானிக்க ஒரு குழு கூட வேண்டியிருந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு.

இங்கே அரசுப் பள்ளிகளின் விளையாட்டை நடத்துவது யூ.ஐ.எல்., அதாவது யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். 1910இல் பள்ளிகளுக்குள் விவாதப் போட்டி நடத்துவதற்காக டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. இன்றும் ஆஸ்டினில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகவே இயங்குகிறது. அமெரிக்கன் ஃபுட்பாலிலிருந்து மார்ச்சிங் பேண்ட், கணிதப் போட்டி வரைக்கும் எல்லாம் இவர்கள் கையில்தான். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பிரிவுகளை மாற்றி அமைக்கிறார்கள். ஒரே பிரிவில் அக்கம்பக்கத்தில் இருக்கும் சில பள்ளிகள் சேர்ந்தது ஒரு போட்டி டிஸ்ட்ரிக்ட். பிள்ளைகளைச் சேர்க்கிறோமே, அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு, இது வேறு.

எங்களைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விதி. விளையாட்டுக்காகவே பள்ளி மாறியதாகத் தெரிந்தால், ஒரு வருடத்துக்கு வார்சிட்டி ஆட முடியாது. அதற்கு அடுத்த நிலையான ஜே.வி. (ஜூனியர் வார்சிட்டி) அணியில் ஆடலாம். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக நான்கு வருடம்தான் ஒரு பிள்ளைக்கு ஆடும் தகுதி. அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. மீதியில் ஒரு வருடம் போனால் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும்தான் மிச்சம்.

இந்த விதி ஏன் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. இது இல்லாவிட்டால் வசதியுள்ள பள்ளிகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாப் பக்கமிருந்தும் இழுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே ஃபுட்பால் மைதானத்தில் கூடும் மாநிலம் இது; போலி முகவரி கொடுத்துப் பிள்ளையைச் சேர்ப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தந்த ஊரிலேயே வளர்ந்து, தன் முறை வரட்டும் என்று காத்திருக்கும் பிள்ளையின் இடத்தை யாராவது காப்பாற்ற வேண்டும் இல்லையா?

முதல் படி ஒரு படிவம். பழைய பள்ளியில் என்ன விளையாடினாள், எந்த அணியில், ஏன் மாறுகிறீர்கள் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழைய பள்ளியும் தன் பங்குக்குப் பதில் எழுத வேண்டும். அந்தப் படிவம் ஒப்புதல் ஆகும்வரை வார்சிட்டியில் இறக்க மாட்டார்கள். எங்கள் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. மகள் இரண்டு வருடமாகப் பயிற்சிக்குப் போய்வந்த தனியார் டென்னிஸ் அகாடமி, தற்செயலாகப் புதுப் பள்ளிக்கு அருகில் இருந்தது. அந்தப் பள்ளி ஆட்டக்காரர்கள் சிலரும் அங்கே வருவார்கள். அதை வைத்து, இது விளையாட்டுக்காகச் செய்த மாற்றமாக இருக்கலாம் என்று பழைய பள்ளியிலிருந்து எழுதிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அலுவலகக் கடிதத்தையே காட்டியிருப்போம். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எப்போதும் போல ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிய மகளைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

அடுத்தது வீடு. உண்மையிலேயே குடிமாறியிருக்கிறோமா என்று பார்க்க யூ.ஐ.எல். கேட்கும் கேள்விகள் நாம் நினைப்பதைவிட நுணுக்கமானவை. புதுப் பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்கியதற்கோ வாடகைக்கு எடுத்ததற்கோ ஆதாரம் வேண்டும். வாடகை என்றால் ஒப்பந்தம் நியாயமான காலத்துக்கு இருக்க வேண்டும். மின்சாரம், தண்ணீர் இணைப்பு நம் பெயரில் வந்திருக்க வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றியிருக்க வேண்டும். வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருடைய லைசென்ஸிலும் புது முகவரி வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் புது வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்பது செல்லாது. பழைய வீடு விற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது சந்தை விலைக்கு விற்பனைக்காவது வந்திருக்க வேண்டும்.

வாக்காளர் பதிவும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நாங்கள் விசாவில் இருப்பவர்கள், ஓட்டு கிடையாது. பழைய முகவரியில் பதிவு செய்தவர்கள் அதைப் புது முகவரிக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி என்று பள்ளியில் விளக்கினார்கள். எங்களைப் போன்றவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களை அலையவிட்டது சோபாவும் சாப்பாட்டு மேசையும். காலி வீட்டைவிடச் சாமான் போட்ட வீடு சீக்கிரம் விலைபோகும் என்று வீட்டை விற்றுத்தரும் ரியல்டர் சொன்னதால் அவற்றைப் பழைய வீட்டிலேயே விட்டிருந்தோம். விதியோ குடும்பத்தின் சாமான் எதுவும் பழைய வீட்டில் இருக்கக் கூடாது என்கிறது. புது கோச் சொன்னவுடன் லாரி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றி வந்தோம். காலி செய்த ஒவ்வொரு அறையையும் என் கணவர் படம் எடுத்துவைத்தார். அந்தப் படங்கள் பின்னால் கைகொடுத்தன.

மருத்துவப் பரிசோதனை, தலைக்காயம் பற்றிய ஒப்புதல், திடீரென இதயம் நின்றுபோவது பற்றிய படிவம் எல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளவைதான், சட்டென்று முடிந்துவிட்டன. இதய ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளும் வாய்ப்பையும் அதில் தெரிவிக்கிறார்கள். செலவு நம்முடையது, கட்டாயம் இல்லை. நாங்கள் எடுத்தோம்.

சந்தேகம் எழுந்துவிட்டதால் விஷயம் டிஸ்ட்ரிக்ட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டிக்குப் போனது. அதில் உட்காருபவர்கள் அந்தப் போட்டி டிஸ்ட்ரிக்டில் உள்ள பள்ளிகளின் சூப்பரின்டென்டன்ட்கள் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகிகள்) அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள். அதாவது, என் மகள் யாரை எதிர்த்து ஆடப்போகிறாளோ அந்தப் பள்ளிகளின் பிரதிநிதிகளே அவள் ஆடலாமா என்று தீர்மானிக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் முழுக்க உடன்பாடில்லை. எதிரணியில் ஒரு நல்ல ஆட்டக்காரி குறைந்தால் யாருக்கு லாபம் என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் அன்று அந்த அறையில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து நிலவரம் தெரிந்தவர்கள் என்பதால் கேள்விகள் நேராக இருந்தன. அலுவலகம் எப்போது மாறியது, வீடு எப்போது பார்த்தீர்கள், அகாடமியில் எப்போது சேர்ந்தாள் என்று வரிசையாகக் கேட்டார்கள். நாங்கள் கடிதம், ஒப்பந்தம், ரசீது, படங்கள் என்று தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தோம்.

அப்புறம் மகளிடம், “இந்தப் பள்ளி கோச் யாராவது நீ சேருவதற்கு முன் உன்னிடம் பேசினார்களா?” என்று ஒருவர் கேட்டார். “இல்லை சார், சேர்ந்த பிறகு நான்தான் போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன்” என்றாள். வீட்டில் பத்து முறை கூப்பிட்டால் ஒருமுறை பதில் சொல்லும் பெண், அங்கே அவ்வளவு தெளிவாகப் பேசினாள். ஓட்டெடுப்பு நடந்தது, அனுமதி கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால், மாநிலக் கல்வி ஆணையர் நியமிக்கும் ஸ்டேட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டியிடம் மேல்முறையீடு செய்திருக்கலாம்.

இலையுதிர் காலத்தில் இங்கே டீம் டென்னிஸ். ஆண்களும் பெண்களும் ஒரே அணி. ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று மொத்தம் 19 ஆட்டம், முதலில் பத்து ஜெயிக்கும் பள்ளிக்கு வெற்றி. அனுமதி வரும்வரை ஜே.வி.யோடு பயிற்சி செய்தவள், வந்ததும் வார்சிட்டியில் ஒற்றையரும் கலப்பு இரட்டையரும் ஆடினாள். இனி அவளுக்கு உள்ள கவலை மதிப்பெண்தான். 1984இல் சட்டமான ‘நோ பாஸ், நோ ப்ளே’ இன்னும் கண்டிப்பாக நடக்கிறது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டிக்குப் போக முடியாது. இந்த விதியை நான் மனதார ஆதரிக்கிறேன்.

இன்னொன்று. அனுமதி வந்ததோடு கணக்கு முடியவில்லை. புது இடத்துக்கு வந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி அந்த எல்லையை விட்டு வெளியேறினால், அங்கே ஆடும் தகுதி போய்விடும். அதனால் குறுகிய கால லீஸ் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். வீட்டைப் பார்க்கும்போதே புதுப் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெடிக் கோஆர்டினேட்டரிடம் பேசி, அந்த முகவரி எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பள்ளிக்குப் போகும் இடங்கள் இங்கே உண்டு.